ஒனோரின் திறந்த வடக்குக் கதவு

எங்கள் ஊரில் திராட்சைக் கொடி நட மண்வெட்டி போதாது, கடப்பாரை வேண்டும். அக்லி ஆற்றுக்கு மேலே சரிவெல்லாம் தகடு தகடாக உரியும் கறுத்த பாறை. பகல் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு இரவெல்லாம் கக்கும். மழை அபூர்வம். வடமேற்கிலிருந்து திராமொந்தான் காற்று கிளம்பினால் வாயில் இருக்கும் பேச்சையே பறித்துக்கொண்டு போய்விடும். அந்த மண்ணில் கொடி கொஞ்சமாகத்தான் காய்க்கும். அதிலிருந்து இறங்கும் ஒயினோ மை போலக் கறுப்பு.

ஒனோரின் சமவெளியிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் புருஷன் சிப்ரியன் வாயில்லாப் பூச்சி. மாமனார் கால்ட்ரிக்குக்கு இரண்டு பேருக்கான வாய். எங்கள் திராட்சைக் கொல்லையும் அவர்கள் கொல்லையும் அடுத்தடுத்து. ஜனவரிக் குளிரில் பெண்கள் நாங்கள் இருவரும் முதுகோடு முதுகு ஒட்டிக் கொடியை வெட்டிக் கவாத்து செய்வோம். உழைப்பில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒயின் கிடங்கின் வாசற்படியோடு அவள் நிற்க வேண்டும். பெண் உள்ளே போனால் ஒயின் புளிக்கும், தூரமான நாளில் போனால் தொட்டி முழுக்க நாசம். ஊரே அப்படித்தான் நம்பியது.

ஒரு செப்டம்பரில், அறுவடை முடிந்து பழத்தை மிதித்துத் தொட்டிகளில் நிரப்பிய மறுநாள், சிப்ரியன் வண்டியிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான். பெர்ப்பினியான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்த வாரம் வெயில் கொளுத்தியது. தொட்டிகளில் சாறு கொதிப்பது போலப் பொங்கியது. சூடு மிஞ்சினால் நொதிப்பது பாதியில் நின்று, மொத்தமும் கெட்டுப்போகும். கால்ட்ரிக்கின் முழங்கால் ஏணி ஏறாது. ஊர் ஆண்களோ அவரவர் தொட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். கிழவர் கிடங்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யாராவது வருவார்கள் என்று பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒனோரின் ஒரு கையில் மெழுகுவர்த்தியும் மறுகையில் ஈரச் சாக்குகளுமாக வந்து நின்றாள். துணைக்கு நான்.

"எங்க போற?"

"உள்ள."

"பொம்பள கால் வச்சா புளிச்சிரும். தெரியாதா உனக்கு?"

"தெரியும் மாமா. இன்னைக்கு நான் தூரம் வேற. பின்னாடி தெரிஞ்சு வருத்தப்படாதீங்க, அதான் முன்னாடியே சொல்லிட்டேன்."

கிழவர் முகம் வெளிறியது. கைத்தடியைக் குறுக்கே நீட்டினார். அவள் அதைத் தாண்டவில்லை. குனிந்து தடியைப் பிடித்து, சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

நொதிக்கும் தொட்டியிலிருந்து கிளம்பும் காற்றில் மூச்சடைத்துச் செத்தவர்கள் உண்டு. மெழுகுவர்த்தி அணைந்தால் வெளியே ஓட வேண்டும் என்று எனக்குச் சொல்லி வைத்திருந்தாள். சுடர் நடுங்கியது, அணையவில்லை. காற்று பட்டால் ஒயின் கெடும் என்று கால்ட்ரிக் ஆணி அடித்து வைத்திருந்த வடக்குக் கதவைக் கடப்பாரையால் பெயர்த்தோம். அன்று காலைதான் திராமொந்தான் எழுந்திருந்தது. கதவு திறந்ததும் குளுகுளுவென்று உள்ளே பாய்ந்தது. ஈரச் சாக்குகளைத் தொட்டிகளைச் சுற்றிக் கட்டி, காயக் காயத் தண்ணீர் ஊற்றினோம். ஏணியில் நின்று, மேலே மிதந்த தோல்களைக் கோலால் அமுக்கி அமுக்கி அவள் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. சூடு மெல்ல இறங்கியது.

வசந்தத்தில் ஊர் வந்து ருசி பார்த்தது. பெரிய தொட்டிகள் இரண்டும் அருமை. ஒரு சின்னப் பீப்பாய் மட்டும் புளித்திருந்தது. கால்ட்ரிக்குக்கு அது போதும். காப்பிக்கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "நான் சொன்னேன்ல? அவ தூரம் வேலையக் காட்டிருச்சு."

அப்போது சிப்ரியனுக்குச் சுருட்டு வாங்க அவள் உள்ளே வந்திருந்தாள். "போன வருஷமும் ஒரு பீப்பாய் புளிச்சுதே மாமா. அப்ப உள்ள போனது நீங்களும் உங்க மகனும்தான். யாருக்குத் தூரம்?"

கடை சிரித்து அடங்க வெகுநேரமாயிற்று.

அதன்பின் கிடங்குச் சாவி அவள் இடுப்பை விட்டு இறங்கவில்லை. இதற்குள் நொண்டிக்கொண்டு வீடு திரும்பியிருந்த சிப்ரியன் அதைக் கேட்கவும் இல்லை. அறுவடைக்கு வந்த பெண்களை அவள் கிடங்கு வேலைக்கும் அழைத்தாள். முதலில் நான் போனேன், பிறகு மற்றவர்களும்.

கால்ட்ரிக் சாகும்வரை அந்த வீட்டு ஒயினைத் தொடவில்லை, மேசையில் தண்ணீரே குடித்தார். ஒனோரினும் விடவில்லை. ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் அவர் தட்டருகே ஒரு கோப்பை ஊற்றி வைப்பாள். அவர் எழுந்து போனதும், அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து அதைக் குடித்து முடிப்பாள்.