ஒரு குச்சி குறையும் இடம்

கழுகுமலை பஸ்ஸில் வந்த ஒருவர் சொன்னதாக என் மைத்துனர் பரமசிவன் போனில் சொன்னார்: கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸ் பெண் ஒருத்தி, யானை கடலுக்குள் இறங்கிப் பசுவாக மாறியதைக் கண்டுபிடித்துவிட்டாளாம். அமெரிக்காக்காரன் விமான டிக்கெட்டே அனுப்பிவிட்டானாம்.

நான் இருப்பது மஸ்கட்டில். ஊர்ச்சேதி இங்கே வந்து சேர்வதற்குள் நாலு கை மாறிவிடுகிறது. அந்தப் பெண் என் சித்தி மகள் சுந்தரேஸ்வரி. தப்பான கதையே நிலைத்துவிடுமோ என்ற பயத்தில் எழுதுகிறேன். டிக்கெட் பொய். யானை பசுவாக மாறவும் இல்லை. யானைக்கும் கடல் பசுவுக்கும் மூதாதை ஒன்று, அதை வெளிநாட்டு ஆய்வாளர்கள் முன்பே சொல்லிவிட்டார்கள். சுந்தரி செய்தது வேறு. 1999 மே மாதம், லீவில் ஊருக்கு வந்திருந்தபோது, அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். தெரியாமல் கெடுக்கப் பார்த்தவனும் நான்தான்.

பன்னிரண்டாவது முடித்ததும் நாலு வருஷம் கடலையூர் ரோட்டுத் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கினாள் சுந்தரி. மருந்தில் முக்குவதற்காக மரச்சட்டத்தில் வரிசை வரிசையாகக் குச்சிகளை நிறுத்தும் வேலை. ஒரு குச்சி விட்டுப்போனால் பார்த்த மாத்திரத்தில் தெரியவேண்டும். பிறகு சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவை கழுவப் போனாள்.

அங்கே மரபணுவின் எழுத்துகளைப் பிலிமில் எடுப்பார்கள், எக்ஸ்ரே மாதிரி. எழுத்து மொத்தம் நான்கு, ஆகவே நான்கு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் படுக்கை வாக்கில் கருப்புக் கோடுகள். எந்தக் கோடு எந்த வரிசையில் என்று கீழிருந்து மேலாகப் படித்துக்கொண்டே போகவேண்டும். ஒருநாள் ஜன்னலில் காயப்போட்டிருந்த பிலிமைக் காட்டி, "இங்கன ஒண்ணை விட்டுட்டீங்க" என்றாள். பார்த்தால் சரி. அன்று முதல் குடுவை கழுவுவது போய், பிலிம் படிப்பது அவள் வேலையாயிற்று. ஆனால் தற்காலிகம்தான்.

வேம்பார்க் கடற்கரையில் செத்து ஒதுங்கிய ஒரு கடல் பசுவின் தோல் துணுக்கு அந்த ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. வாசனை அறியும் ஜீன் ஒன்றை யானையினதோடு வைத்துப் பார்த்தார்கள். யானையில் ஒரே எழுத்து ஐந்து முறை தொடர்ந்து வரும் இடத்தில் கடல் பசுவுக்கு நாலுதான் இருக்கிறது என்றாள் சுந்தரி. மரபணுவை மூன்று மூன்று எழுத்தாகச் சேர்த்துத்தான் உடம்பு படிக்கும். ஒன்று விழுந்தால் அதற்கப்புறம் எல்லாம் குழறிவிடும். அப்படியானால் அந்த ஜீன் செத்தது.

கடல் பசு தண்ணீருக்குள் மூக்கை மூடிக்கொண்டு புல் மேய்கிற பிராணி. பூட்டிக் கிடக்கும் அறையில் ஓடு உடைந்தால் யார் கவனிப்பார்கள்? உடைந்தது உடைந்தபடியே பிள்ளைகளுக்குப் போயிருக்கிறது.

ஆய்வுக்கூடத்து டாக்டரம்மா நம்பவில்லை. "ஒரே எழுத்து அடுத்தடுத்து வந்தா கண்ணு ஏமாத்தும். என்ன எதிர்பார்க்கிறோம்னே தெரியாத மூணு பேர் தனித்தனியாப் படிச்சு ஒண்ணு போலச் சொல்லட்டும். இல்லேன்னா உன் வாசிப்பு எல்லாத்தையும் தள்ளிட்டு, ஜூன்ல பட்டம் படிச்ச ஆளைப் போட்டுக்குறேன்" என்றார். ஆய்வுக்கூடத்தில் விஷயம் தெரியாதவர் யாருமில்லை. சுந்தரி லீவு போட்டுப் பிலிம்களோடு கோவில்பட்டிக்கு வந்துவிட்டாள்.

பழைய முதலாளி நவநீதகிருஷ்ணன் சாப்பாட்டு வேளையில் முக்கால் மணி நேரம் கொடுத்தார். ஜன்னலோரம் நானும் நோட்டும். சுந்தரியோடு முன்பு குச்சி அடுக்கிய சங்கரம்மாள், அழகுத்தாய், பேபி மூவரும் ஒருவர் பின் ஒருவராக வந்து படிக்கவேண்டும். பிலிமின் தலைப்பில் லேபிள் ஒட்டி மறைத்திருந்தாள். ஒன்று யானை, ஒன்று கடல் பசு. எது எதுவென்று எனக்கே தெரியாது.

"கடலுக்குள்ள பசுவா? பால் கறக்கவன் முங்கித்தான் கறக்கணுமோ?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தாள் சங்கரம்மாள். ஐம்பது வயதிருக்கும். வரிசைக்கு ஒரு எண். "ரெண்டு, நாலு, ஒண்ணு, மூணு, மூணு..." என் பேனா ஓடி மாளவில்லை.

"மஸ்கட்டுக்காரரே, எழுதுதீரா, தூங்குதீரா?"

"எழுதுதேன் யக்கா, கொஞ்சம் மெதுவா."

"மெதுவாச் சொன்னா அது குச்சி அடுக்குறவ வாயா?"

முதல் பிலிமில் மூணு ஐந்து தடவை. இரண்டாவதில் நாலு. அழகுத்தாய்க்கும் அப்படியே. அவள் நடுவில் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, நின்ற இடம் தவறிவிடுமோ என்று பதறி, இரண்டாவது பிலிமில் பேனாவால் ஒரு சின்னக் கோடு போட்டுவைத்தேன். அப்புறம் அதை மறந்தும் போனேன்.

கடைசியாகப் பேபி. இரண்டாவது பிலிம். "மூணு, மூணு, மூணு, மூணு, மூணு."

ஐந்து.

சுந்தரியின் முகம் செத்துப்போயிற்று. பேபி அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, எதுக்கு மூஞ்சி அப்பிடிப் போவுது? எங் கண்ணு பொய் சொல்லாது."

"உன்னைக் குத்தம் சொல்லலட்டி. நீ மேல படி."

பேபி மேலே படிக்கவில்லை. பிலிமை வெயிலுக்கு நேராகப் பிடித்தாள்; பிறகு சாய்த்தாள். மருந்து ஒழுங்காக ஏறாத குச்சியை அப்படிச் சாய்த்துத்தான் கண்டுபிடிப்பார்கள்.

"மத்ததெல்லாம் உள்ளுக்குள்ள இருக்கு. இது ஒண்ணு மட்டும் மேல நின்னு மினுங்குது." திரும்பி என் சட்டைப்பையைப் பார்த்தாள். "அண்ணாச்சி, உம்ம பேனா என்ன கலரு?"

கருப்பு. அழகுத்தாய் எழுந்தபோது நான் போட்ட கோடு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பேபி முந்தானை நுனியை எச்சிலில் நனைத்து ஒரே இழுப்பு. கோடு துணிக்கு வந்துவிட்டது. பிறகு, யாரும் கேட்காமலே, அடியிலிருந்து முழுசாக மறுபடி படித்தாள். "...மூணு, மூணு, மூணு, மூணு. அடுத்தது ஒண்ணு. நாலுதான். எழுதிக்கிடும். படத்து மேல இல்ல, நோட்டுல!"

மூன்று பேர் சொன்னதையும் பக்கம் பக்கமாக வைத்துச் சரிபார்த்தாள் சுந்தரி. முந்நூற்றுச் சொச்சம் எழுத்தில் ஒன்றுகூடப் பிசகவில்லை. தலைப்பு லேபிளைக் கிழித்தாள். நாலு வந்தது கடல் பசுவுக்கு.

"யக்கா!" என்று அவள் போட்ட சத்தத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து ஓடிவந்தார்கள். "எந்தப் பசுவோ எப்பவோ தொலைச்ச குச்சி... நீங்க புடிச்சிட்டீங்க!"

"தொலைச்சது பசு. எங்க சட்டத்துல என்னைக்குட்டி குறைஞ்சிருக்கு?" என்றாள் சங்கரம்மாள்.

வேலைக்கு மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. எதிரே எஸ்.டி.டி. பூத்துக்குக் கூட்டமாகவே போனார்கள். சுந்தரி சென்னை நம்பரைச் சுழற்றினாள். மணி போயிற்று. எடுக்கவில்லை. மறுபடி சுழற்றினாள்.

"டாக்டரம்மா சாப்பிடப் போயிருப்பாங்க. அப்புறமாப் பேசுவோம்" என்றேன் நான், வழக்கம்போலப் பயந்து.

"போனா வரட்டும். பதிலு நம்ம கையில இருக்கு, நமக்கென்ன அவசரம்?" என்றாள் பேபி. மை பிடித்த முந்தானையை மெடல் போல முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

சுந்தரி ரிசீவரை எல்லோருக்கும் கேட்கும்படி நீட்டிப் பிடித்தாள். பூத்துக்கு வெளியே பத்துப் பதினைந்து பெண்கள் தலையைக் குனிந்து காது கொடுத்தார்கள். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது.