‘ங்க’ இல்லாமல் பேசியது

கழுவிய சோற்றுத் தட்டை வெயிலுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்துத்தான் அண்ணன் தன் வேலையை எனக்கு விளக்கினார். "இதாட்டந்தான் அம்மணி, ஆனா நம்ம ஊட்டைவிடப் பெருசு. வானத்துல எங்கயோ போற கலம் பேசறதை இது புடிச்சுக்கும். கொசு பேசறாப்பல வருமாம். போன் அலை அதை அமுக்கிப்போடும்னு எங்க போனையெல்லாம் வாசல் கேட்டுலயே அணைச்சு வாங்கி வெச்சுக்குவாங்க."

"பேச்சப் பாரு, விஞ்ஞானியாட்ட. வெக்கறது கிரீசு," என்றார் அம்மா.

உண்மைதான். பக்கத்து மாநிலத்தில், விண்கலங்களோடு பேசும் நிலையம் ஒன்றில், அந்தத் தட்டைத் திருப்பும் பல்சக்கரங்களுக்குக் கிரீஸ் வைக்கும் ஒப்பந்த வேலை அவருக்கு. எட்டாவதோடு நின்று பெருந்துறையில் பனியன் கம்பெனிக்குப் போகும் எனக்கு அதுவே பெருமை.

அவிநாசித் தேருக்கு மறுநாள் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அப்பா இல்லாத வீடு. அண்ணன்தான் முன்னால் நிற்க வேண்டும். கலம் ஏதோ படம் அனுப்புகிறது, லீவு இல்லை என்று போனில் சொன்னார். ஆத்திரத்தில், "அந்தத் தட்டையே கட்டிட்டு அழு. இனி ஊட்டுக்கு வராத," என்றேன். கைக்குழந்தையைக்கூடச் செல்லமாக ‘வாங்க’ என்று கூப்பிடுகிற ஊர் எங்களுடையது; அண்ணனிடம் ‘ங்க’ போடாமல் நான் பேசியதே இல்லை.

"ஏனம்மணி, ‘ங்க’வையும் எடுத்துப்போட்டயா?" என்று சிரித்தார். நான் துண்டித்துவிட்டேன்.

மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் காலையில் மனசு கேட்காமல் குரல் செய்தி அனுப்பினேன். ஒற்றை டிக்தான் விழுந்தது, போய்ச் சேரவில்லை. போன் கேட்டில் இருக்கும், வேலை முடிந்து கேட்பார் என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானம் அவருடன் வேலை செய்பவர் கூப்பிட்டார். அண்ணன் ஏணியிலிருந்து விழுந்துவிட்டார், உயிர் இல்லை என்றார்.

அவர் துணிமணியோடு, அணைத்தபடியே இருந்த போனையும் கொடுத்தார்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகு, அதில் போட்டோ இருக்கும் என்று அம்மா சார்ஜ் போடச் சொன்னார். போனை ஆன் செய்ததும் டிங் என்றது. யாரோ அவருக்குப் பேசியிருக்கிறார்கள் என்று அம்மா அதை அமுக்கினார்.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க. அவிங்க இன்னொரு நாள் வாராங்களாம். நீங்க வாங்கண்ணா. வந்துபோடுங்க."

வீடு முழுக்க என் குரல். அம்மா என்னைப் பார்த்தார். "நல்லாத்தான கூப்புட்டிருக்கற கண்ணு," என்றார்.

அண்ணன் இதைக் கேட்கவில்லை. கேட்டது மற்றதைத்தான்.