தோற்க வேண்டிய பாட்டு

சூடேறிய ரேடியோ பேட்டரி செல்லுக்கு ஒரு வாசனை உண்டு. ஈரச் சாம்பலும் துருவும் கலந்தது போல மூக்குக்குள் லேசாகக் கரிக்கும். மார்கழியில் மாநில எல்லையிலிருக்கும் ஜூஜுவாடியில் வெகுநேரம் வரை பனி விலகாது என்பதால், வெயிலில் காயவைத்து உயிரேற்ற வழியில்லாமல், அம்மா செல்களைக் கழற்றி வெந்நீர் அடுப்பின் மேட்டில் வரிசையாகப் படுக்க வைப்பாள். அவற்றைப் புரட்டிக்கொண்டே இருப்பது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோய், மாடு மேய்ப்பதும் அம்மா சொன்னதைச் செய்வதுமாக இருந்த காலம் அது. "பேட்டரிக் கட்டை சூடாச்சா?" என்று ஐந்தாம் வீட்டுச் செல்லதுரை அண்ணன் வாசலிலிருந்தே கேட்பார். அந்த ஒரு ரேடியோவைத்தான் எங்கள் லைன் முழுவதும் நம்பியிருந்தது.

கம்பெனிகள் வந்தபோது அப்பா கேழ்வரகு விளைந்த நிலத்தில் பாதியை விற்று, மிச்சத்தில் ஒரே கூரையின் கீழ் பத்து வீடுகளைக் கட்டி வாடகைக்கு விட்டார். அதைத்தான் "லைன் வீடு" என்போம். எங்கள் வீட்டில் தெலுங்கு, எதிர் வீட்டில் கன்னடம், லைனில் தெற்கத்தித் தமிழ். குடியிருந்தவர்களில் பலர் திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். செல்லதுரை அண்ணன் லேத் ஓட்டுபவர். கம்பெனி நேரம் போக மீதி நேரமெல்லாம் அவருக்கு ரேடியோதான். அவரே ஒரு நேயர் மன்றம் தொடங்கி அவரே அதற்குத் தலைவராகவும் இருந்தார்.

நாங்கள் கேட்கும் வானொலி நிலையத்தில் கிறிஸ்துமஸ் அன்று மதியம் ஒரு நிகழ்ச்சி வரும். நேயர்கள் அனுப்பும் கார்டுகளை எண்ணி, எந்தக் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு எத்தனை என்று பார்த்து, கடைசி இடத்திலிருந்து முதல் இடம் வரை ஒலிபரப்புவார்கள். முதலாவதாக வரும் பாட்டுக்கு மட்டும் ஒரு பெருமை உண்டு: அதைக் கேட்டு எழுதியவர்களின் பெயர்களை ஊரோடு சேர்த்து அறிவிப்பாளர் வாசிப்பார். முந்தைய வருடம் குந்தாரப்பள்ளிக்காரர்கள் கேட்ட மணிப் பாட்டு முதலில் வந்து, அந்த ஊரின் பெயர் திரும்பத் திரும்ப ஒலித்தது. செல்லதுரை அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. "மாட்டுச் சந்தை கூடுற ஊருக்கு ரேடியோவுல பேரு வருது. ரெண்டு மாநிலத்து பஸ்ஸும் நிக்கிற ஊரு நம்ம ஊரு, நமக்கு வரலன்னா கேவலம்லா" என்று வீடு வீடாகப் போனார். எங்களுக்கும் உறைத்தது. அந்தப் பக்கத்துக்காரர்கள் எங்களைத் தமிழ்நாடு என்பார்கள், இந்தப் பக்கத்துக்காரர்கள் கர்நாடகா என்பார்கள். ஊரின் பெயரை யாரும் சொல்வதில்லை. குழந்தை ஏசுவைத் தூங்கவைக்கும் ஒரு தொட்டில் பாட்டைத் தேர்ந்தெடுத்து, ஏசுவைத் தெரியாத வீடுகளிலும் ஆளுக்கொரு கார்டு எழுதினார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்தவள் கடைசி வீட்டு மல்லிகா அக்கா. என் பெயரிலும் ஒரு கார்டு போனது.

மல்லிகா அக்காவும் முருகேசன் அண்ணனும் அந்த வருடம் சித்திரையில் வந்தவர்கள். கடற்கரை ஊரிலிருந்து வேறு சாதி, வேறு சாமி என்று பாராமல் கட்டிக்கொண்டு ஓடிவந்த ஜோடி. அக்காவின் மூத்த அண்ணன் கண்ட இடத்தில் வெட்டுவேன் என்று சொல்லி மதுரை வரை தேடிவிட்டுப் போயிருந்தான். மல்லிகா என்பது இங்கே வந்து வைத்துக்கொண்ட பெயர். உண்மைப் பெயர் ரோஸ்லின். வீடு கேட்டு வந்த அன்றே அதை அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். அம்மா வேறு யாருக்கும் சொல்லவில்லை. "நோரு மஞ்சிதைதே ஊரு மஞ்சிதி" என்பாள் அவள். வாய் நல்லதானால் ஊரும் நல்லது என்று அர்த்தம்.

கார்டுகளைக் கட்டாகத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்த சாயங்காலம், அடிபம்பில் தண்ணீர் பிடிக்கும் கூட்டத்தில் செல்லதுரை அண்ணன் பெருமையடித்துக்கொண்டிருந்தார். "ஒரு கார்டுல ரோஸ்லின்னு பேரு, நம்ம லைன் அட்ரசு. நம்ம லைன்ல ஏதுவே ரோஸ்லினு? கள்ள ஓட்டா இருந்தாலும் நமக்கு நல்ல ஓட்டுதான்னு சேத்துப் போட்டுட்டேன்."

பம்பை அடித்துக்கொண்டிருந்த முருகேசன் அண்ணனின் கை அப்படியே நின்றது. மல்லிகா அக்கா குடத்தைப் பார்த்தபடி, ஊர்ப்பட்ட கார்டு எழுதியதில் கை தன்னால் பழைய பேரை எழுதிவிட்டது என்றாள். அன்று இருட்டுவதற்குள் லைனுக்கே விஷயம் தெரிந்துவிட்டது. அக்காவின் ஊரிலும் கிறிஸ்துமஸ் மதியம் எல்லா வீட்டிலும் இதே நிகழ்ச்சிதான் ஓடும். பாட்டு முதலில் வந்தால் பெயரும் ஊரும் அந்த அண்ணனின் காதில் விழும்.

செல்லதுரை அண்ணன் ஓடிப்போய்த் தபால்காரரிடம் கெஞ்சிப் பார்த்தார். பெட்டிக்குள் விழுந்தது சர்க்கார் சொத்து என்று அவர் பையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பெயரை மட்டும் வாசிக்க வேண்டாம் என்று நிலையத்துக்கு எழுதலாமா என்று ஒருவர் கேட்டார். அந்த அறிவிப்பாளர் வந்த கடிதத்தையெல்லாம் வாசித்துச் சிரிக்கிற ஆள், அதையும் வாசித்துவிட்டால் என்ன செய்வது என்று முருகேசன் அண்ணன் மறுத்துவிட்டார். மிச்சமிருந்தது ஒரே வழி. எங்கள் பாட்டு தோற்க வேண்டும்.

அப்படியாக, ஜெயிப்பதற்கு வீடு வீடாகப் போன மனிதர் தோற்பதற்கு வீடு வீடாகப் போனார். இந்த முறை எல்லோரும் குந்தாரப்பள்ளியின் மணிப் பாட்டுக்கு எழுதினார்கள். எழுதும்போது செல்லதுரை அண்ணனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் பெயில் போடச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்தவர் போல இருந்தார். அதுவும் போதாது என்று சந்தை நாளில் பஸ் ஏறி, குந்தாரப்பள்ளி மன்றத்தை நடத்திவந்த டீக்கடை மாதப்பனைப் பார்த்து, நாங்களும் உங்கள் பாட்டுக்குத்தான் போடுகிறோம், நீங்களும் நிறையப் போடுங்கள் என்று சொன்னார். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. "எதிராளி தோக்கறேன்னு பஸ்ஸு புடிச்சு வந்து சொல்றான்னா, டீ குடிச்சிட்டுப் போப்பா" என்று மாதப்பன் சிரித்து அனுப்பியதாக வந்து சொன்னார்.

அதன்பிறகு கிறிஸ்துமஸ் வரை லைனில் ஒரு சாதாரணப் பேச்சு இல்லை. தெருவில் தெரியாத ஆள் நடந்தால் கதவுகள் பாதி மூடின. அம்மா கடைசி வீட்டுக்குத் தண்ணீரைத் தானே சுமந்து கொடுத்தாள். முருகேசன் அண்ணன் கம்பெனியிலிருந்து வரும் நேரம் தாண்டினால் அப்பா மெயின் ரோடு வரை போய் நிற்பார்.

அன்று மதியம் ரேடியோவை எங்கள் வாசலில் ஸ்டூல் போட்டு வைத்தோம். வருடம் முழுக்கப் பாட்டு வந்தால் கூடவே பாடுகிறவர்கள் எல்லோரும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். நான்காம் இடம் வந்தது, எங்களுடையது இல்லை. மூன்றாம் இடமும் இல்லை. இரண்டாவதாகவாவது வந்து தோற்றுவிட வேண்டுமே என்று செல்லதுரை அண்ணன் முணுமுணுத்தார். இரண்டாம் இடம் என்று அறிவிப்பாளர் நிறுத்தி, ஒரு இருமல் இருமி, மணிப் பாட்டு என்றார்.

அப்படியானால் முதலிடம் எங்கள் பாட்டுக்குத்தான். மணிப் பாட்டு முழுவதும் ஓடி முடிகிற வரைக்கும் முருகேசன் அண்ணன் வீட்டுக்குள்ளே துணி எடுத்துவைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மாதப்பன் என்ன செய்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. தொட்டில் பாட்டு ஜெயிக்கப் போகிறது என்று இவர்களுக்கு உள்ளுக்குள் சேதி வந்திருக்கிறது, நம்மைத் தூங்கவைக்கப் பார்க்கிறார்கள், ஜெயிக்கிற பாட்டோடு நம் ஊரின் பெயரும் வரட்டும் என்று கணக்குப் போட்டு, தன் ஆட்கள் அத்தனை பேரையும் தொட்டில் பாட்டுக்கு எழுத வைத்துவிட்டார்.

அறிவிப்பாளர் பெயர்களைத் தொடங்கினார். முதலில் குந்தாரப்பள்ளி. அப்புறம் ஜூஜுவாடி. எங்கள் ஊரின் பெயர் முதன்முதலாக ரேடியோவில் வந்தது, ஒருவரும் மகிழவில்லை. செல்லதுரை அண்ணன் ரேடியோவை அணைக்கப் போனார்.

"நிப்பாட்டாதீங்க அண்ணே" என்றாள் மல்லிகா அக்கா.

அவள் எழுந்து ரேடியோவுக்கு அருகில் வந்து நின்றுகொண்டாள். செல்லதுரையின் பெயர் வந்தது, என் பெயர் வந்தது, ரோஸ்லின் என்றும் வந்தது. அதன் பின்னால் பாட்டு தொடங்கியது. "எங்கம்மா இப்ப ரேடியோ முன்னாலதான் இருப்பா. நான் செத்துப் போனேன்னுதான் அவகிட்ட சொல்லி வச்சிருக்காவ" என்றாள் அவள். அப்போதுதான் அது கை தவறி எழுதிய பெயர் இல்லை என்று எங்களுக்குப் புரிந்தது.

மூட்டையோடு வாசலில் நின்ற முருகேசன் அண்ணன், "எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?" என்றார்.

"சொன்னா விட்டிருப்பியளா?"

அவர் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். அப்பா அந்தி சாய்வதற்குள் ரோஜாப் பூப்பெட்டி ஏற்றும் வண்டியில் இருவரையும் உட்காரவைத்து, அத்திப்பள்ளி தாண்டி, பட்டுப்புழு வளர்க்கும் என் மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டார்.

எதிர்பார்த்தது போலவே வருடம் பிறப்பதற்கு முன்பு இரண்டு பேர் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். பெட்டிக்கடையில் விசாரிக்கிறார்கள் என்று தெரிந்ததுமே அம்மா முடிவு செய்துவிட்டாள். தெற்கத்தி ஆட்கள் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. செல்லதுரை அண்ணனை வீட்டுக்குள் வைத்து வெளியே பூட்டுப் போட்டாள். அவருக்கு அந்த ஒரு பேச்சைத் தவிர வேறு பேச்சு தெரியாது. வந்தவர்களில் மூத்தவன் எது கேட்டாலும் அம்மா தெரியாது என்று தெலுங்கில் "தெலீது" என்றாள். எதிர் வீட்டு கௌரம்மா அதையே கன்னடத்தில் "கொத்தில்லா" என்றாள். அவன் அக்கா ரிப்பன் கட்டி நிற்கும் ஒரு பள்ளிக்கூடத்துப் போட்டோவை என் முன்னால் நீட்டினான். புது ஆளைக் கண்டால் எனக்கு நாக்கு எழாது; இன்றும் அப்படித்தான். என் கூச்சம் வீட்டுக்கு உதவிய நாள் அது ஒன்றுதான். "தமிழ் தெரிஞ்ச ஒருத்தன் இல்லியா இந்த ஊர்ல" என்று திட்டிக்கொண்டே அவன் செக்போஸ்ட் பக்கம் விசாரிக்க நடந்தான்.

இளையவன் பாதி தூரம் போனவன் திரும்பி வந்தான். பதினெட்டு வயதுதான் இருக்கும். பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து அம்மாவிடம் நீட்டி, குரலைத் தாழ்த்தினான். "அக்கா இங்க இருந்தா குடுங்க. முந்திரிக்கொத்து. அம்மா குடுத்துவிட்டா. பேரக் கேட்ட பொறவுதான் ஒழுங்கா சோறு திங்கா. அண்ணனுக்கு இது தெரியாது, வழியில திங்கன்னு சொல்லியிருக்கேன்."

அம்மாவுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. வாங்கினால் தமிழ் தெரியும் என்று ஆகிவிடும். அவன் சொல்வது நிஜமா, அண்ணன் சொல்லிக்கொடுத்து அனுப்பியதா என்று யாருக்குத் தெரியும்? அவள் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு மறுபடியும் "தெலீது" என்றாள். அவன் டப்பாவைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்தான். உள்ளே போன அம்மா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் நின்றபடி முழுவதையும் குடித்துவிட்டு, சொம்பைக் கல்லின் மேல் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

டப்பாவை அப்பா மாமா வீட்டுக்குக் கொண்டுபோனார். அக்கா ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, வெல்லம் கூடுதல், அம்மா கையேதான் என்று சொல்லி அழுததாக வந்து சொன்னார்.

கோடையில் அவர்கள் லைனுக்குத் திரும்பினார்கள். அடுத்த கிறிஸ்துமஸுக்கு மாதப்பனிடம் உண்மையைச் சொல்லி அவரையும் சேர்த்துக்கொண்டோம். ஒரு வருடம் ரோஸ்லின் குந்தாரப்பள்ளியிலிருந்து எழுதினாள், ஒரு வருடம் மத்தூரிலிருந்து. எந்த ஊரில் தேடுவது என்று அண்ணனுக்குத் தெரியாது, ஆனால் உயிரோடு இருக்கிறாள் என்று அவள் அம்மாவுக்குத் தெரியும். பாட்டு ஜெயிக்காமல் போய்விடுமோ என்று நாங்கள் பயந்த அளவுக்கு எந்தத் தேர்தலுக்கும் யாரும் பயந்திருக்க மாட்டார்கள். பிறகு ஒரு வருடம் அந்த நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள். அந்த டிசம்பரில் அக்கா தன் ஊருக்குப் போக இடுப்பில் குழந்தையோடு மெயின் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றாள். அம்மா தடுத்துப் பார்த்தாள். "பேரு வரலன்னா அம்மா என்ன நெனைப்பா, சொல்லுங்க" என்று மட்டும் கேட்டுவிட்டு அக்கா ஏறிவிட்டாள். பொங்கலுக்குத் திரும்பியபோது அவளோடு அவள் அம்மாவும் இறங்கினார். மூத்த அண்ணன் அவர்களோடு பேசியதே இல்லை; வெட்டுவேன் என்றவன் அவ்வளவோடு விட்டான்.

இன்று லைன் வீடு இருந்த இடத்தில் நான்கு மாடி விடுதி நிற்கிறது. செல்லதுரை அண்ணன் ஊருக்குப் போய்விட்டார், அம்மா இல்லை. போன டிசம்பரில் விடுதியில் தங்கிக் கம்பெனிக்குப் போகிற ஒரு பையன், தங்கள் கோயில் பாடகர் குழுவின் பாட்டு கிறிஸ்துமஸ் இணையப் போட்டியில் முதலிடத்தில் வரவேண்டும் என்று தெருவில் எல்லோருடைய போனிலும் ஓட்டு அழுத்தச் சொல்லிக்கொண்டிருந்தான். என்னிடமும் வந்தான். அழுத்தினேன். வழக்கத்துக்கு மாறாக வாயைத் திறந்து, கேட்டவர்கள் பெயரை வாசிப்பார்களா என்று கேட்டேன்.

"பேரெல்லாம் வராதுண்ணா. இங்க நம்பர்ல ஒண்ணு கூடும், பாருங்க" என்று அவன் திரையைக் காட்டினான். ஒன்று கூடியிருந்தது.