ஐந்து தலை, பதினெட்டு கால்

எங்கள் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டபோது எனக்கு எட்டு வயது. காட்டில் ஒளிந்து வெள்ளைக்கார அரசை எதிர்த்துப் போராடிய கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் சோறு கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக அந்த வேலி. மலாயாவில் அந்தக் காலத்துக்கு அவசரகாலம் என்று பெயர். அவசரமாக எதுவும் நடந்ததாக எனக்கு நினைவில்லை. எதற்கெடுத்தாலும் வேலிக் கேட்டில் வரிசை பிடித்து நின்றதுதான் நினைவிருக்கிறது.

அங்கங்கே இருந்த வீடுகளைப் பிரித்து எங்களையெல்லாம் வேலிக்குள் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளான ஒரே லயத்தில் குடிவைத்தார்கள். புது இடத்தில் கோழிக் கூண்டு வைக்க வழியில்லை. அம்மா கோழிகளை ஜாசின் பாசாரில் விற்றுவிட்டு நான்கு ஆடுகளை மட்டும் வைத்துக்கொண்டார். அப்பா இல்லாத வீடு. அம்மாவின் தம்பியான மாமாதான் எங்களுக்குத் துணை.

மாமா காலையில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுப்பார். பிற்பகலில் ஆடுகளை வேலிக்கு வெளியே ஓட்டிக்கொண்டு போவார். கேட்டில் நின்ற மலாய்க்காரக் காவலர் ஆடுகளை எண்ணி வெளியே விடுவார், எண்ணி உள்ளே விடுவார். ஓர் ஆடு குறைந்தாலும் அது காட்டுக்காரர்களின் வயிற்றுக்குள் போய்விட்டது என்று சந்தேகம் வந்துவிடும்.

நான் வாய் திறக்காத பிள்ளை. பள்ளியில் ஏதாவது கேட்டால் தரையைப் பார்ப்பேன். கணக்கு என்றால் மட்டும் பதில் தானாக வந்துவிடும். இதைக் கண்டுபிடித்த மாமா, சாப்பிடும்போதெல்லாம் எனக்கு விடுகதை போடத் தொடங்கினார்.

"கொட்டாயில பத்து தலை, இருபத்தெட்டு கால். ஆடு எத்தன, கோழி எத்தன? சொல்லு கிராணிம்மா." தோட்டத்தில் கணக்கு எழுதுபவரைக் கிராணி என்பார்கள்.

மனத்துக்குள் ஆடுகளையெல்லாம் பின்னங்காலில் நிற்க வைப்பேன். இப்போது தலைக்கு இரண்டு கால்தான் தரையில் இருக்கும். பத்துத் தலைக்கு இருபது. மிச்சம் எட்டுக் கால் அந்தரத்தில் ஆடும். ஓர் ஆட்டுக்கு இரண்டு வீதம் நான்கு ஆடு. மற்ற ஆறும் கோழி. மாமாவுக்கு இது பிடிபடவே இல்லை. ரப்பர் கொட்டைகளைத் தரையில் பரப்பி, ஒவ்வொரு தலைக்கும் கால் வைத்துப் பார்த்த பிறகுதான் ஒத்துக்கொள்வார்.

"ஆட்ட நிக்க வைக்கிறாளாம்! சர்க்கஸ்காரிலா நீ!"

மாமா தோட்டத்துத் தொழிலாளர் சங்கத்தில் முன்னால் நின்று பேசியவர். சங்கத்தை மூடிவிட்டார்கள். அவரைப் போலவே முன்னால் நின்று பேசிய இருவரைப் போலீசார் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் திரும்பவில்லை. அடுத்தது மாமாதான் என்று லயத்தில் பேச்சு. லாரிச் சத்தம் கேட்டால் அம்மா செய்துகொண்டிருக்கும் வேலையை அப்படியே நிறுத்திவிடுவார்.

அந்த நாள்களில் ஒரு மாலை, மாமா சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்.

"அஞ்சு தலை, பதினெட்டு கால்."

"நாலு ஆடு, ஒரு கோழி."

அன்று அவர் கொட்டையைத் தொடவில்லை. "அந்தக் கோழி ஓடிப்போச்சுன்னா?"

"நாலு தலை, பதினாறு கால்."

"ஆடு பால் குடுக்கும்ல?"

"குடுக்கும்."

"அப்ப வீடு ஓடிரும்லா."

அம்மா அகப்பையைக் கீழே வைத்தார். "கோழி எங்கயும் போவாது. பேசாம சாப்பிடு."

"புடிச்சு அறுக்க வந்தா அது என்னக்கா பண்ணும்?"

அம்மா அகப்பையை மறுபடி எடுத்து அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்.

மறுநாள் மாமா ஆடுகளை அவிழ்த்தபோது அம்மா இன்னொரு சட்டையை எடுத்து நீட்டினார். "மேல போட்டுக்க." அந்த வெயிலில் இரண்டு சட்டை போட்டுக்கொண்ட ஆளைப் பார்த்து நான் சிரித்தேன். மாமாவும் சிரித்தார். காவலர் அவர் பையில் அரிசி இருக்கிறதா என்று துழாவினார். ஆடுகளை எண்ணினார். சட்டைகளை எண்ணவில்லை.

மாலையில் ஆடுகள் தாமாகவே வந்தன. மணி கட்டிய தாயாடு முன்னால் வந்தது. கேட்டருகே நான் நின்றிருந்தேன். காவலர் விரல் நீட்டி, "சத்து, டுவா, தீகா, அம்பாட்" என்று நான்கையும் எண்ணி, "சுக்கோப்லா" என்றார். போதும், சரியாக இருக்கிறது என்று அர்த்தம். பிறகு வெளியே பாதையைப் பார்த்தார். "மாமா மானா?"

"பின்னால வர்றாரு" என்றேன். மாமா எங்கே என்று அவர் கேட்டதும், ஊமைபோல் இருக்கும் நான் அன்று உடனே பதில் சொன்னேன். எனக்கு அது உண்மை. காவலரும் நம்பினார். ஊரடங்குச் சங்கு ஊதும்வரை கேட்டைத் திறந்தே வைத்திருந்தார்.

"நாலும் வந்துருச்சும்மா. பதினாறு கால். கணக்கு சரி" என்று அடுப்படிக்கு ஓடினேன். அம்மா ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தார். கண்ணீர் புகையால் வந்தது என்று நினைத்தேன்.

விடிந்ததும் லாரி வந்தது. மாமா இல்லை. காட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள் சிலர். சிங்கப்பூரில் இருக்கிறார் என்றார்கள் சிலர். எங்களுக்கு ஒரு தகவலும் வரவில்லை.

நான் மட்டும் தினமும் ஆடுகளோடு கேட்டில் நின்று பாதையைப் பார்த்தேன். மாமா வந்ததும் கேட்க ஒரு கேள்வி வைத்திருந்தேன். விடுகதையில் அந்தக் கோழி எங்கிருந்து வந்தது? எங்கள் கோழிகளைத்தான் அம்மா எப்போதோ விற்றுவிட்டாரே.