துணிக்கொடியைச் சுற்றிப் போகிறவன்

பருத்திப்பட்டில் எங்கள் அடுக்ககத்தின் படிக்கட்டிலிருந்து பார்த்தால் வெளிக்கதவு எதிரிலேயே தெரியும். நான் மட்டும் கழிவுநீர்த் தொட்டியையும் வரிசையாக நிறுத்திய பைக்குகளையும் சுற்றிக்கொண்டு அந்தக் கதவுக்குப் போகிறேன். காரணம், கீழ்வீட்டு ரெஜினா வழிக்குக் குறுக்கே கட்டியிருக்கும் துணிக்கொடி. அதில் அவருடைய நைட்டியும் பாவாடையும் காயும். பர்மாவில் வளர்ந்த ஆண், பெண்களின் கீழாடைக்கு அடியில் நடக்கமாட்டான். நடந்தால் ஆணுக்குரிய மகிமை போய்விடும் என்று அங்கே நம்புகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. என் கால்களுக்கு இருக்கிறது. பர்மாவிலிருந்து வந்து திருநின்றவூரில் வாடகைக்கு இருக்கும் நம்மவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். நீங்களும் சுற்றித்தான் போகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

நான் ஏதோ ஆசாரம் பார்ப்பதாக ரெஜினா முடிவுகட்டிவிட்டார். ஒருநாள் வழிமறித்தார்.

"இன்னா சார், எங்க துணி பட்டா தீட்டா? நாங்களும் உங்க சர்ச்சுக்குத்தான் வந்துகினு கீறோம்."

மகிமை விவகாரத்தை விளக்கினேன். கொஞ்சம் யோசித்தார். "எங்க ஊட்டுக்காரர் டெய்லி இதுக்குக் கீழதான் கட்டில் போட்டுப் படுக்கறாரு. அதான் வேலைக்குப் போவாம கீறாரு போல" என்றார். அதற்குப் பிறகுதான் அவரிடம் என் மகள் மார்த்தாவைப் பற்றிச் சொன்னேன்.

யாங்கோனில் நான் அரசு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். எந்த விண்ணப்பம் எந்த மேசையில் தூங்கும், எதைச் சொன்னால் எழுந்திருக்கும் என்பது அத்துப்படி. ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பள்ளி ஆசிரியையான மார்த்தாவும் இறங்கினாள். எங்கள் தெருப் பிள்ளைகள் பெண்களின் தமேய்ன்களை, அதாவது அங்கே பெண்கள் இடுப்பில் உடுத்தும் கைலிகளை, தெருவுக்குக் குறுக்கே உயரக் கட்டினார்கள். சுடுவதற்குத் தயங்காத படை துணிக்கு அடியில் நுழையத் தயங்கியது. கழிகளால் அவற்றை இழுத்துப் போட்ட பிறகே உள்ளே வந்தது. அதற்குள் ஓட வேண்டியவர்கள் ஓடிவிடுவார்கள். மார்த்தா இறந்துபோன தன் அம்மாவின் பச்சைத் தமேய்னை எடுத்து வந்தாள். இதற்கு எந்தச் சட்டப்பிரிவில் வழக்கு வரும் என்று நான் தொடங்கினேன்.

"பிரிவை அவங்களே தேடிக்கட்டும்பா. நீங்க இந்த முனையைப் பிடிங்க."

பிடித்தேன்.

பிறகு அம்பத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகன் என்னை இங்கே அழைத்துக்கொண்டான். அங்கே நான் இந்தியாக்காரன், இங்கே பர்மாக்காரர். மார்த்தா எல்லை மலைக்குப் போய் மரத்தடியில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறாள். அவள் யாங்கோனுக்குத் திரும்புவதற்கு ஆட்சியாளர்கள் ஒரு நடைமுறை வைத்திருக்கிறார்கள். வேலைநிறுத்தம் செய்தது தவறு, மன்னியுங்கள் என்று கையெழுத்திட வேண்டும். அதற்குப் பிறகு பாஸ்போர்ட், விசா, விமானம். அந்த வரிசைகளை எல்லாம் நான் பார்த்துக்கொள்வேன். சிக்னல் கிடைத்து அவள் பேசும்போதெல்லாம், ஒரே ஒரு கையெழுத்தும்மா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பேசினாள்.

"போட்டா வந்துடலாம்பா. ஆனா இந்தப் பிள்ளைங்ககிட்ட, நான் உங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே தப்புன்னு சொன்ன மாதிரி ஆயிடும். இனிமே கேக்காதீங்க."

அம்மாவின் தமேய்னைப் பள்ளிக்கூட வாசலில் கட்டியிருக்கிறாளாம். ராணுவத்தினர் இப்போது குண்டுபோட விமானத்தில் வருகிறார்கள். விமானம் துணிக்கு மேலே பறக்கிறது. நான் அதைச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாததா?

அவள் வரப்போவதில்லை என்று மறுநாள் ரெஜினாவிடம் சொன்னேன். அடுத்த நாள் காலையில் இறங்கி வந்தால், கொடியை அவிழ்த்து மதிலோரம் கட்டத் தயாராக நின்றிருந்தார்.

"இனிமே நேரா போங்க சார்."

கதவு வரை வழி வெறுமையாகக் கிடந்தது. இங்கே ஒருவனாவது சுற்றிப் போக வேண்டும் என்று தோன்றியதை அவருக்கு எப்படிச் சொல்வது? பழைய இடத்திலேயே கட்டச் சொன்னேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அப்ப இந்த மொனைய புடிங்க."

பிடித்தேன். அவர் மறுமுனையை முடிந்துவிட்டு வந்து, என் கையிலிருந்ததையும் வாங்கிக் கட்டினார். ஈரப் பாவாடையை உதறிக் கொடியில் போட்டார். நான் பால் வாங்கும் பையோடு, பைக்குகளைச் சுற்றிக்கொண்டு கதவுக்குப் போனேன்.