பல்லத்தி கறுத்த நாள்

எனக்கு எண்பத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளைப் பெற்றேன், ஆறையும் ஆளாக்கினேன். ஒன்றைக்கூடப் பறிகொடுக்கவில்லை என்று நிமிர்ந்து சொல்வேன். ஆனாலும் ஈரச் சாம்பல் விரலில் நெருநெருவென்று உரசினால் இன்றைக்கும் கையை உதறிக் கழுவிக்கொள்வேன்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். சாரலுக்குக் குற்றாலம் வந்து தங்கும் ஒரு வக்கீல் குடும்பத்துக்கு அம்மா சமைத்தாள். வக்கீல் ஐயாவின் கண்ணாடித் தொட்டியில், கொல்லத்திலிருந்து ரயிலில் வந்த இரண்டு மீன்கள் இருந்தன. உள்ளங்கையில் அடங்கும் மஞ்சள் உடம்பு, விலாவில் ஒரு கரும்பொட்டு, "பல்லத்தி" என்பார்கள். முந்தின நாளே கலயத்தில் தெளியவைத்த கிணற்று நீரைத் தினமும் ஒரு செம்பு மாற்றுவதும், கொசுப்புழு பிடித்துப் போடுவதும் என் வேலை.

"ஏட்டி, ஒன்னு செத்தாலும் ஒனக்கும் ஒங்க அம்மைக்கும் இங்கன சோறு கெடையாது, ஆமா" என்று வக்கீல் வீட்டு ஆச்சி முதல் நாளே சொல்லியிருந்தாள். எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை.

ஒரு நாள் மழைக்குச் சோம்பி, கிணற்றுக்குப் போகாமல், அருவித் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் மொண்டு ஊற்றிவிட்டேன். மேலே ஜனங்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்த தண்ணீர் அது. மறுநாள் காலையில் பார்த்தால், இரண்டு மீனுக்கும் தாடையிலிருந்து வயிறு வரைக்கும் அடுப்புக்கரி பூசினாற்போல் கறுத்துக் கிடந்தது. நான் ஊற்றிய எண்ணெய்த் தண்ணீர்தான் விஷமாகிவிட்டது என்று நினைத்துவிட்டேன்.

தொட்டிக்குள் கிடந்த ஓட்டுச்சில்லில் எள்ளைப் போல் மணிமணியாக ஏதோ அப்பியிருந்தது. எண்ணெய்ப் பிசுக்கென்று நினைத்தேன். பிசுக்கு என்றால் எங்களுக்குச் சாம்பல்தான். சில்லை எடுத்துப் போய்த் தேங்காய் நாரால் பாதிவரை பரபரவென்று தேய்த்த பிறகுதான் கவனித்தேன், மிச்சமிருந்த ஒவ்வொரு மணிக்குள்ளும் இரண்டு சின்னக் கண்கள். அலசிக் கொண்டுவந்து, பழையபடி வைத்தேன்.

அதற்குள் மீன்கள் வெளுத்து மூலையில் ஒடுங்கிவிட்டன. ஐயா வந்து குனிந்து பார்த்தார்.

"அடடே, முட்டை போட்டிருக்குல்லா! வயிறு கறுத்தாத்தான் காவலுக்கு நிக்குன்னு அர்த்தம். இது ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு? யாரும் உள்ள கைய விட்டியளா?"

நான் வாயைத் திறக்குமுன் அம்மா, "எம்மவ தொடமாட்டா ஐயா, கெட்டிக்காரி" என்றாள்.

"வெளுப்பு மாறலைன்னா விட்டுட்டுப் போயிரும், முட்டை பூஞ்சை பிடிச்சிரும்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் தொட்டிமுன் உட்கார்ந்திருந்தேன். காலையில் எந்தக் கறுப்பைக் கண்டு பயந்தேனோ, அதே கறுப்பு வரவேண்டுமென்று குற்றாலநாதரை வேண்டினேன். வெயில் சாயும் நேரம் ஒன்று மெல்ல நகர்ந்து வந்து சில்லருகே நின்று செட்டையால் விசிறத் தொடங்கியது; அதன் தாடை மங்கி, இருண்டு, கன்னங்கரேலென்று ஆனது. நான் விம்மி அழுதுவிட்டேன். இரண்டு நாளில் குஞ்சுகள் தூசியாய் எழும்பின. "கைராசிக்காரிட்டி நீ!" என்று ஆச்சியே மெச்சினாள். நானும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

அந்த வீடு இப்போது லாட்ஜ். தென்காசி மீன்கடையில் எல்லா நிறத்திலும் மீன் இருக்கிறது. பல்லத்தி என்றால் கடைக்காரருக்குத் தெரியவில்லை. அந்த முட்டைகளில் பாதியை நான் அழித்தது அம்மாவுக்கும் கடைசிவரை தெரியாது.

எழுத்துக்கூட்டி எழுதிவிட்டேன். ஏட்டி, பேத்தி, இங்கன வந்து வாசிச்சுக் காட்டு. வக்கீல் வீட்டு ஆச்சி மெச்சின இடத்தை வேணும்னா விட்டுரு. நான் தேய்ச்ச இடத்தைச் சத்தமா வாசி.