பாடம் அக்காவின் நான்காவது டெஸ்ட்

சபையில் அவளுக்குப் பெயர் பாடம் அக்கா. யார் வைத்தார்களோ, அவர் வாய்க்குச் சர்க்கரைதான் போடவேண்டும். பிழைக்க வந்த இந்த நாட்டில் எது ஏடாகூடமாகப் போனாலும், அதற்குள் ஆண்டவர் ஒரு பாடத்தை ஒளித்து வைத்திருக்கிறார் என்பது அவளுடைய நம்பிக்கை. பஸ் கண்ணெதிரே கதவைச் சாத்திக்கொண்டு போனால் 'எப்போதும் ஆயத்தமாக இரு' என்று ஒரு பாடம். விசா அலுவலகத்தில் நான்கு மணி நேரம் நிற்கவைத்து, நீல மை செல்லாது, கறுப்பு மையில் எழுதிக்கொண்டு வா என்று துரத்தினால் நீடிய பொறுமை. மாடி வீட்டுக் குழாய் ஒழுகி மெத்தை சொதசொதவென்று ஆன அன்றுகூட, அதன் ஓரத்தில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் மேலிருந்துதான் வரும் என்று சபைப் பெண்களின் குழுவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். தினமும் காலை ஆறு மணிக்கு அந்தக் குரல் வந்துவிடும். சிலர் அதைக் கேட்டு ஜெபித்தார்கள், சிலர் கேட்டுச் சிரித்தார்கள், எல்லோரும் கேட்டார்கள்.

படுத்த படுக்கையாகிப்போன முதியவர்களை வீடு தேடிப் போய்க் கவனிப்பது அவள் வேலை. மூன்று வீடுகள், மூன்றும் ஊரின் மூன்று மூலைகளில். கடைசி வீட்டில் தொப்பியம்மா இருந்தார். தொண்ணூறு வயது. தலையில் தொப்பி வைக்காமல் மாத்திரை விழுங்க மாட்டார். எந்தத் தொப்பி என்று முடிவு செய்யவே இருபது நிமிஷம் ஆகும். வேறு யாரை அனுப்பினாலும் வாயைத் திறக்க மாட்டார். பாடம் அக்காவுக்கோ அந்தக் கிழவி என்றால் உயிர்.

பஸ்ஸை நம்பி அவள் தினமும் தாமதமாகப் போனதால் ஏஜென்சி மேனேஜர் ஒரு வருஷம் தவணை கொடுத்தார். அதற்குள் டிரைவிங் லைசென்ஸ் வாங்கிவிட்டால் ஏஜென்சியே ஒரு சின்னக் கார் தரும். வாங்காவிட்டால் மூன்று வீடுகளும் வேறொருத்திக்குப் போகும், இவள் முதியோர் இல்லத்துச் சலவை அறைக்குப் போகவேண்டும். தொப்பியம்மாவின் வாயை யாரோ ஒருத்தி பிளந்து மாத்திரை போடுவதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

முதல் டெஸ்டுக்கு ஊரில் ஸ்கூட்டி ஓட்டிய தைரியத்தில் போனாள். பக்கத்தில் பெரிய மீசை வைத்த அதிகாரி, மடியில் ஒரு தாள். ஊர் வழக்கப்படி ஒவ்வொரு திருப்பத்திலும் மரியாதையாக ஹாரன் அடித்தாள். இந்த நாட்டில் ஹாரன் அடிப்பதென்றால் ஒருவரை நடுத்தெருவில் நிறுத்தித் திட்டுவது மாதிரி என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஏழாவது ஹாரனில் மீசைக்காரரின் பேனா கீழே விழுந்தது. ஃபெயில். மறுநாள் காலை பாடம் வந்தது: 'வாயை அடக்கு.'

இரண்டாவது டெஸ்டில் அடக்கினாள். எதிரே ஒரு லாரி பின்பக்கமாக இவளை நோக்கி வந்துகொண்டே இருந்தது. அவள் சாந்த சொரூபியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் மீசைக்காரரே கையை நீட்டி ஹாரன் அடித்தார். ஃபெயில். இரண்டு நாள் அழுது தீர்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பாடத்தைச் சொன்னாள்: 'போனது போகட்டும், திரும்பிப் பார்க்காதே.'

மூன்றாவது டெஸ்டில் கண்ணாடிப் பக்கமே கண்ணைத் திருப்பவில்லை. நேராக, அழகாக, கெட்டிக்காரியாகத்தான் ஓட்டினாள். இரண்டு தெரு தாண்டியதும் மீசைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஒரு தீயணைப்பு வண்டி கொஞ்ச நேரமாக நம் பின்னாலேயே வருகிறது, அதற்குக் கொஞ்சம் அவசரம் போலிருக்கிறது என்றார். மறுநாள் பாடம்: 'எல்லோருக்கும் வழி விடு.'

தவணை முடிய ஒரு வாரம்தான் இருந்தது. கடைசி டெஸ்ட் செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின ஞாயிறு, சபை கூடுகிற வாடகை ஹாலில் சாட்சி நேரம் வந்தது. ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து நின்று சொல்லும் நேரம் அது. கிடைக்கப்போவதற்கும் விசுவாசத்தோடு முன்கூட்டியே நன்றி சொல்லிவிடும் பழக்கம் இவர்களுக்கு உண்டு. பாடம் அக்கா உற்சாகத்தில் எழுந்து, எனக்கு லைசென்ஸ் கொடுத்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்றாள். 'கொடுக்கப்போகிற' என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் ஹால் முழுக்கக் கைதட்டல். பாஸ்டரம்மா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர், வண்டி இல்லாம நம்ம ஆன்ட்டிமார் நாலு பேர் கஷ்டப்படுறாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை நீங்கதான் கூட்டிட்டு வரணும்."

சரி என்று அவள் தலை தானாக ஆடியது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் கொட்டித் தீர்த்தாள். அவர் ரொட்டி ஃபேக்டரியில் வேலை பார்ப்பவர், ஸ்டியரிங்கைக் கண்டாலே பத்தடி தள்ளி நிற்பவர், பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு பேசுபவர். அன்றைக்கு நிறையவே பேசினார்.

"கோவிச்சுக்காத. வாயை அடக்குன்னு பாடம் சொன்ன, அடிக்க வேண்டிய ஹாரனை அடிக்கல. திரும்பிப் பாக்காதன்னு சொன்ன, கண்ணாடியப் பாக்கல. இப்ப எல்லாருக்கும் வழி விடுன்னு சொல்லியிருக்க. எனக்குப் பயமா இருக்கும்மா."

அவள் கோபித்துக்கொள்ளத்தான் செய்தாள். ஆண்டவருடைய பாடத்தில் குறை கண்டுபிடிக்க இவர் யார்? திங்கட்கிழமை முழுக்க அவருடன் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை எல்லாம் ஒழுங்காகப் போனது, ரவுண்டானா வரும்வரை. ஒரு பால் வண்டி வந்தது, வழி விட்டாள். ஒரு சைக்கிள் வந்தது, வழி விட்டாள். பிறகு நாலைந்து கார், ஒரு பள்ளிக்கூட பஸ். நடைபாதையில் நாயோடு நின்றிருந்த ஒருவரைப் பார்த்து, நீங்கள் போங்கள் என்று கையைக் காட்டினாள். அவர் எங்கேயும் போகிறவராகத் தெரியவில்லை, நாய்தான் உட்கார்ந்துவிட்டது. பக்கத்தில் மீசைக்காரரின் பேனா இரண்டு தரம் கீறியது. பின்னால் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. அப்போதுதான் கணவரின் குரல் காதில் கேட்டது. மனிதர் சொன்னது அத்தனையும் சரி. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கண்ணை மூடாமல், வாழ்க்கையிலேயே மிகச் சின்ன ஜெபத்தைச் செய்தாள்.

"ஆண்டவரே, இன்னைக்கு ஒரு நாள் பாடம் வேண்டாம். ரோட்டை மட்டும் காட்டும்."

ரோடு அங்கேயேதான் இருந்தது. இடைவெளி கிடைத்ததும் உள்ளே நுழைந்தாள், சுற்றினாள், வெளியே வந்தாள். பார்க்க வேண்டிய இடத்தில் கண்ணாடியைப் பார்த்தாள். ஒரு பந்து உருண்டு வந்தபோது பிரேக் போட்டாள். எதற்குள்ளும் எதையும் தேடவில்லை.

அலுவலக வாசலில் வண்டியை நிறுத்தியதும் மீசைக்காரர் தாளில் கோடுகளை எண்ணினார். ஒரு தரம் எண்ணி, இன்னொரு தரமும் எண்ணினார். மொத்தம் பதினான்கு தப்பு என்றார். பதினைந்து ஆகியிருந்தால் ஃபெயில், இப்போது பாஸ்.

தலைகால் புரியாமல் அவள் ஸ்டியரிங்கை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டாள். நெஞ்சு ஹாரன்மேல் அழுந்தி, தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு நீளமான அலறல் கேட்டது. விலுக்கென்று நிமிர்ந்தாள். காரணமே இல்லாமல் ஹாரன், வண்டி நிற்கும்போது, அதிகாரி பக்கத்தில். இதோ பதினைந்தாவது. பேனா எங்கே என்று பார்த்தாள். மீசைக்காரர் அதற்குள் அதைச் சட்டைப்பையில் செருகியிருந்தார்.

"அது கணக்குல வராது. டெஸ்ட் முடிஞ்சுபோச்சு," என்றார். அந்த மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பு இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

அன்று மத்தியானம் தொப்பியம்மா, சேதியைக் கேட்டுச் சிவப்புத் தொப்பியைக் கேட்டார். முடிவு செய்ய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் குழுவில் வாய்ஸ் மெசேஜ் வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று மூன்று பேர் போன் செய்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, ஏஜென்சி தந்த சின்னக் காரில் நான்கு ஆன்ட்டிமாரையும் ஏற்றிக்கொண்டு சபைக்குப் போனாள். சாட்சி நேரத்தில் எழுந்து நின்றாள். போன வாரம் சொன்னபோது லைசென்ஸ் கையில் இல்லை என்பதை முதலில் சொன்னாள். பிறகு மீதியையும் சொன்னாள்.

"நான் பண்ணினது பதினஞ்சு தப்பு. பதினாலுதான் எழுதினாங்க. அவ்வளவுதான். இதுல என்ன பாடம்னு எனக்குத் தெரியல. ரொம்ப சந்தோஷமா இருக்கு."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பாஸ்டர் அன்றைக்கு, தகுதி பார்க்காமல் ஆண்டவர் தரும் கிருபையைப் பற்றி முக்கால் மணி நேரம் பிரசங்கம் தயாரித்துக்கொண்டு வந்திருந்தார். கையிலிருந்த தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கால் மணி நேரத்தில் முடித்துக்கொண்டார்.

திரும்பும்போது சின்னக் காரில் நான்கு ஆன்ட்டிமாரும் அவளும் போக, கணவருக்கு இடமில்லை. பஸ்ஸில் வருகிறேன் என்று அவர் முன்னாலேயே நடந்துவிட்டார். பஸ் நிறுத்தத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவரை அவள் தூரத்திலேயே பார்த்தாள். கண்ணாடியைப் பார்த்தாள், பின்னால் யாரும் இல்லை. வேகத்தைக் குறைத்து, இந்த நாட்டு வழக்கமெல்லாம் தெரிந்தே, ஆசை தீர ஹாரன் அடித்தாள். நிறுத்தத்தில் இருந்தவர்கள் எல்லோரும் முறைத்தார்கள். அவர் மட்டும் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார்.